பாலிஹவுஸில் வெப்பநிலை குறைந்தும் புழுக்கம் கூடுகிறது: ஆட்களின் உடல்நிலையை எதை வைத்து அளவிடுவது?

கேள்வி: தளித் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் தளிக்குப் பக்கத்தில் ஓர் ஏக்கர் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பயிர்க் குடில்) ஐந்து ஆண்டுகளாகக் குடைமிளகாய் பயிரிட்டு வருகிறேன். மின்விசிறி இல்லாத, கூரைத் திறப்பும் பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் திரையும் கொண்ட சாதாரணக் குடில்தான். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஏழு பேர் பெண்கள். செடிகளை நூலில் ஏற்றிக் கட்டுவது, பக்கக் கிளைகளைக் கிள்ளுவது, காய் பறிப்பது, பறித்த காயைக் கிரேட்டில் வாசல் வரை தூக்கி வருவது ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலைகள்.

இந்தச் சித்திரையில் மதிய நேரத்தில் உள்ளே 41 டிகிரி வரை ஏறியதால், பயிருக்கும் ஆட்களுக்கும் சேர்த்தே நன்மை என்று எண்ணி, நீரை நுண்துளிகளாகத் தெளிக்கும் ஃபாகர் போட்டேன். பனிபோல் வரும் நீர்த்துளிகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் பக்கத்திரைகளையும் முக்கால் பங்கு இறக்கி வைத்தேன். கம்பத்தில் மாட்டியுள்ள கருவி, ஃபாகர் ஓடுவதற்கு முன்பு 41 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் காட்டியது. ஓடிய பின்பு 36 டிகிரியும் 65 சதவீதமும் காட்டியது. ஐந்து டிகிரி குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். ஆனால் உள்ளே நின்றவர்கள் முதல் நாளிலிருந்தே, முன்பைவிடப் புழுக்கம் அதிகம், மூச்சு முட்டுகிறது என்று சொன்னார்கள். தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் "உக்க, உக்க" (புழுக்கம்) என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புதிதாக ஒன்று வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு, ஊர் மாரியம்மன் திருவிழாவுக்காகப் பன்னிரண்டு நாள் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த 48 வயது அக்கா, நூல் கட்டிக்கொண்டிருக்கும்போதே தள்ளாடி விழுந்துவிட்டார். வெளியே நிழலுக்குத் தூக்கி வந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, நன்றாகத் தெளிந்த பின் குடிக்கக் கொடுத்தோம். இப்போது நலமாக இருக்கிறார். என்றாலும், அவர்கள் நான்கு நாள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெப்பநிலை குறைந்த பிறகும் உடலுக்குக் கடினமாவது ஏன்? எத்தனை டிகிரிக்கு மேல் வேலையை நிறுத்த வேண்டும் என்று நம்பத்தக்க எண் ஏதேனும் இருக்கிறதா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: ஈரக்குமிழ் (வேளாண் பொறியாளர்)

ஐயா, உங்கள் ஆட்கள் சொன்னது முற்றிலும் சரி. அதற்கான சான்று நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரைதான் உடற்சூடு தானாகக் காற்றுக்குப் போகும். வெயிலில் உழைப்பவரின் தோல் ஏறத்தாழ 35 டிகிரியில் இருக்கிறது; ஆகவே 36 டிகிரி காற்றில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது, எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை, உடலின் நீரையும் உப்பையும்தான் வீணாக்குகிறது. காற்றில் ஈரம் கூடக்கூட ஆவியாவது குறைந்து சொட்டுவது பெருகுகிறது. நம் மொழியில் புழுக்கம் என்று சொல்வது இதைத்தான்.

இதை அளக்க எளிய வழி ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவு. 41 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தபோது உங்கள் குடிலின் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 26.7 டிகிரி. 36 டிகிரியும் 65 சதவீதமும் ஆனபோது அது ஏறத்தாழ 30.3 டிகிரி. சாதாரண வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கிய அதே வேளையில், வியர்வை ஆவியாவதைத் தீர்மானிக்கும் அளவு மூன்றரை டிகிரி ஏறியிருக்கிறது.

நீர்த்துளி ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்தது மட்டுமே நடந்திருந்தால், ஈரக்குமிழ் அளவு மாறாமல் 26.7-லேயே நின்றிருக்கும்; 36 டிகிரிக்கு இறங்கும்போது ஈரப்பதம் 47 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்திருக்கும். 65 சதவீதம் வரை போனதற்குக் காரணம் நீங்கள் இறக்கிவிட்ட திரைதான். ஃபாகரின் நீரும் செடிகள் இலைவழி விடும் நீரும் வெளியேற வழியின்றித் தேங்க, மேலே வெயில் சூட்டை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பாலிஹவுஸ் சூடாவதற்கு முதன்மையான காரணமே, உள்ளே சூடாகும் காற்றை அந்தத் தாள் வெளியே விடாததுதான். அந்த நிலையில் பக்கத்திரையை இறக்கியது, கொதிக்கும் பானைக்கு மூடி போட்டதாகிவிட்டது. பூச்சித் தடுப்பு வலையில் தூசி படிந்திருந்தாலும் காற்று பெருமளவு தடைபடும்; அந்த வலையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்பதையும் பாருங்கள்.

எண் கேட்டிருந்தீர்கள். உலகெங்கும் வேலைத்தலங்களில் பயன்படுவது டபிள்யூ.பி.ஜி.டி. என்னும் கூட்டு அளவு. 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் விழுந்து இறந்ததைத் தடுப்பதற்காக உருவானது. வெயில் படும் இடத்தில், ஈரக்குமிழ் அளவில் 70 சதவீதம், கருப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 20 சதவீதம், சாதாரண வெப்பமானியின் அளவில் 10 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஈரத்துக்கு எவ்வளவு எடை தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கருப்புக் கோளம் காற்றைவிட ஆறு டிகிரி கூடுதலாகக் காட்டும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் குடில் ஃபாகருக்கு முன்பு ஏறத்தாழ 32 டிகிரியும் பின்பு ஏறத்தாழ 33 டிகிரியும் ஆகும்.

ஐ.எஸ்.ஓ. 7243 என்னும் பன்னாட்டுத் தரம், வெப்பத்துக்குப் பழகியவர்கள் தொடர்ந்து வேலை செய்வதற்குரிய டபிள்யூ.பி.ஜி.டி. வரம்பாக, இலேசான வேலைக்கு 30, நடுத்தர வேலைக்கு 28, கடும் வேலைக்கு 26 என்று வைத்திருக்கிறது. பழகாதவர்களுக்கு இதே வரிசையில் 29, 26, 23. நூல் கட்டுவதும் காய் பறிப்பதும் நடுத்தர வேலை. நிறைந்த கிரேட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது கடும் வேலைக்குள் போய்விடும். ஆகவே ஃபாகர் இல்லாதபோதும் நீங்கள் வரம்பைத் தாண்டித்தான் இருந்தீர்கள். ஒரே டிகிரியை எல்லா வேலைக்கும் வரம்பாக வைக்க முடியாது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

செய்ய வேண்டியது: திரைகளை முழுதும் ஏற்றுங்கள், ஆட்கள் உள்ளே இருக்கும்போது ஃபாகரை ஓட்டாதீர்கள், நிழல்வலையைக் குடிலுக்கு உள்ளே கட்டாமல் கூரைக்கு வெளியே, சற்று உயரத்தில் கட்டுங்கள், ஏனெனில் உள்ளே கட்டிய வலை வெயிலை வாங்கி அந்தச் சூட்டை உள்ளேயே விட்டுவிடும்.


பதில் 2: கெலமங்கலம் விவசாயி

நண்பரே, நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெயிலில் களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள். திறந்தவெளியில் கேழ்வரகு அறுக்கும்போது இல்லாத கவலை, கூரை போட்ட இடத்தில் ஏன் வர வேண்டும்? ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள் என்பது என் அனுபவம். வேலையைப் பாதியில் நிறுத்தினால் காய் முற்றிப்போய் விலை குறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.


பதில் 3: தொழில்நல மருத்துவர்

கெலமங்கலம் நண்பர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை, உடல் வெப்பத்துக்குப் பழகத்தான் செய்யும். ஏழு முதல் பதினான்கு நாட்களில் வியர்வை விரைவில் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத்தின் சுமை இறங்கும். ஆனால் அந்தப் பழக்கம் நிலையானதன்று. ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தாலே குறையத் தொடங்கிவிடும். விழுந்த அம்மையார் பன்னிரண்டு நாள் விடுப்புக்குப் பின் முதல் நாள் வந்தவர் என்று கேள்வியிலேயே இருக்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அன்று அவருடைய உடல் புதியவருடைய உடல்தான். அதற்குமேல், திறந்தவெளியில் காற்று வீசும். வரப்பு மரத்தடியில் நின்று மூச்சு வாங்கலாம். அறுவடை சில நாட்களில் முடிந்தும் விடும். பாலிஹவுஸ் வேலை ஆண்டு முழுவதும், காற்றில்லாத இடத்தில் நடப்பது.

விடுப்பிலிருந்து திரும்பும் அனுபவசாலிகளுக்கு முதல் நாள் வெப்பத்தில் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80 சதவீதம், நான்காம் நாள் முழு வேலை என்று அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கிறது. புதியவர்களுக்கு முதல் நாள் 20 சதவீதம் மட்டுமே. பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. எஞ்சிய நேரத்தில் வெளியே நிழலில் தரம் பிரிக்கும் வேலையைத் தரலாம்.

டபிள்யூ.பி.ஜி.டி. கருவி இல்லாதவர்களுக்கு மணிக்கட்டு நாடி இருக்கிறது. வெப்பமும் உழைப்பும் சேர்ந்து உடலை எவ்வளவு வருத்தியிருக்கின்றன என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லி உட்கார வைத்து, முதல் நிமிடத்தின் பிற்பாதி 30 வினாடிகளுக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்றாம் நிமிடத்தின் பிற்பாதியிலும் அவ்வாறே செய்யுங்கள். மூன்றாம் நிமிடத்தில் 90-க்குக் கீழே இறங்கிவிட்டால் வேலை தாங்கக்கூடியது. 90-ஐ ஒட்டி நின்று, முதல் எண்ணிலிருந்து பத்தோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் உழைப்பு அதிகம், ஆனால் உடற்சூடு பெரிதாக ஏறவில்லை. 90-க்கு மேலேயே நின்று, பத்துகூடக் குறையவில்லை என்றால், உடலுக்குள் சூடு தேங்குகிறது. அந்த வேலையை அந்த நேரத்தில் செய்யவே கூடாது. இந்தியத் தொழிலாளர்களை வைத்து 1979-இல் வெளியான ஆய்வு ஒன்று, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டாமல் இருப்பதே ஏற்கத்தக்கது என்று வரையறுத்தது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலையில், அது இலேசாகத் தோன்றினாலும், துடிப்பு எதிர்பார்ப்பதைவிட ஏறும். நூல் கட்டும் வேலை அத்தகையது.

அடுத்த முறை யாரேனும் விழுந்தால், அவரிடம் பெயரையும் ஊரையும் கேளுங்கள். குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, விழிக்காமல் கிடந்தாலோ அது வெப்பத் தாக்கு. உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். 108-ஐ அழையுங்கள், ஆனால் வண்டிக்காகக் காத்திராமல் அந்த நொடியிலிருந்தே உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். சொட்டுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் அதன் நீரையே குடம் குடமாக ஊற்றலாம். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் கொடுக்கக் கூடாது.

கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017-இல் தொடங்கிய ஆய்வு 2024-இல் வெளியானது. வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளான பெண்களுக்குக் கருச்சிதைவு முதலிய பாதிப்புகளின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கண்டது. இரண்டு மாதக் கருவை யாரும் மேற்பார்வையாளரிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே அனைவருக்கும் பாதுகாப்பான முறையில் வேலையை அமைப்பதே ஒரே வழி.


பதில் 4: பாகலூர் ரோஜா

நான் பதினான்கு ஆண்டுகளாக ரோஜாக் குடில்களில் வேலை செய்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக மேஸ்திரியாக இருக்கிறேன். மருத்துவர் அம்மா அல்லது ஐயா சொன்னதோடு, அளவுமானியால் அளக்க முடியாத சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, கழிப்பறை. குடிலுக்குள் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறோம், ஆனால் யாரும் குடிப்பதில்லை என்று முதலாளிகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். போவதற்கு இடம் இல்லாத தோட்டத்தில் ஒரு பெண் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டாள். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். சிறுநீர்க் கடுப்பு இல்லாத கோடையே எனக்கு நினைவில் இல்லை. கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கட்டிய பிறகுதான் எங்கள் குடம் காலியாகத் தொடங்கியது. குடத்தை வாசலில் வைப்பதும் பயனற்றது; நூறடி நடந்து வந்து குடித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்து வரிசைக்காரி முந்திவிடுவாள் என்ற எண்ணம் இருக்கும். வரிசைக்கு ஒருவராகப் பாட்டிலைச் செடியோடு தொங்கவிட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாவது, கூலி. கிலோ கணக்கிலோ வரிசைக் கணக்கிலோ கூலி கொடுக்கும் இடத்தில், உடல் நில் என்று சொன்னாலும் கை நிற்காது. எங்கள் தோட்டத்தில் கோடைக்கு மட்டுமாவது நாள்கூலி என்று கேட்டு வாங்கினோம். பதினொரு மணிக்கு மேல் உள்ளே வேலை இல்லை, ஆனால் கூலி குறையாது என்று தெளிவாகச் சொன்னால்தான் ஒருவர் மயக்கம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். சொன்னால் அரை நாள் போய்விடும் என்றால் விழும்வரை சொல்ல மாட்டார்.

மூன்றாவது, நேரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும், பிறகு ஷெட்டில் தரம் பிரித்துக் கட்டுக் கட்டலாம். ஆனால் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு ஆறு மணிக்கு வருவது எப்படி? அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எங்களில் நால்வருக்கு இது இயலுவதாயிற்று. அதைத் தாண்டியும் வண்டி வேண்டும். அந்நேரத்தில் பேருந்து இல்லாததால், எங்கள் முதலாளி பூ ஏற்றும் வண்டியையே ஊருக்கு அனுப்புகிறார்.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையை நாங்கள் எல்லோரும் போடுகிறோம். முள்ளும் மருந்தும் படாமல் இருக்க அது வேண்டும். பாலியெஸ்டர் சட்டையை மட்டும் தவிர்த்து, பழைய பருத்திச் சட்டையைப் போட்டாலே வேறுபாடு தெரியும். உணவில், ராகிக் கூழும் உப்புப் போட்ட நீர்மோரும் பத்து மணிக்கு ஒரு முறை கொடுங்கள். காலையில் வெறுந்தேநீருடன் வருபவர்கள்தான் எங்கள் தோட்டத்தில் முதலில் சோர்ந்து உட்கார்ந்தவர்கள்.

மருந்தடிக்கும் ஆட்களை இந்தப் பேச்சில் யாரும் குறிப்பிடவில்லை. பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு உள்ளே போகும் பையன்களை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.


பதில் 5: தோஹா பாதுகாப்பு அலுவலர்

மேஸ்திரி அம்மா கேட்டது மிகவும் முக்கியமானது. காற்றுப் புகாத முழு உடையை அணிந்தால், டபிள்யூ.பி.ஜி.டி. அளவோடு ஏறத்தாழ 10 டிகிரியைக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். அதாவது விடியற்காலையில் 22 டிகிரி இருந்தாலும் அந்தப் பையனின் உடலுக்கு அது 32. சூடான, ஈரமான தோல் வழியாகப் பூச்சிமருந்து கூடுதலாக உள்ளே போகும் என்பதால் உடையை விட்டுவிடவும் முடியாது. விடியலில் தொடங்கி, ஒருவர் அரை மணிக்கு மேல் தொடராமல் ஆள் மாற்றி அடிப்பதுதான் நான் கண்டவரை நடைமுறைக்கு ஏற்றது.

நான் இருக்கும் கத்தாரில் 2021-இல் வந்த அமைச்சக ஆணையின்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது, டபிள்யூ.பி.ஜி.டி. 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். பொறியாளர் கணக்கிட்ட 33 டிகிரியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலைவன நாட்டில் வேலையை நிறுத்தும் அளவை, குளுமைக்குப் பெயர்பெற்ற தளியில் ஒரு பிளாஸ்டிக் கூரை உண்டாக்கிவிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் வெப்ப அலை எச்சரிக்கை வெளியே உள்ள வானிலை நிலையத்தின் அளவை வைத்து வருவது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் குடிலுக்குள் வெப்ப அலை இருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், ஏறக்குறைய 240 மில்லி. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்டும் அளவுக்குக் குடிக்கச் செய்யாதீர்கள், இரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.


மறுமொழி: தளித் தோட்டக்காரர்

அனைவருக்கும் நன்றி. திரைகளை அன்றே ஏற்றிவிட்டேன்; ஃபாகர் இப்போது ஆட்கள் வெளியேறிய பின் மட்டுமே, திரை திறந்த நிலையில் ஓடுகிறது. வலையைக் கழுவியபோது வந்த செம்மண் நீரைப் பார்த்து வியந்துபோனேன். நேற்று முற்பகல் ஏழு பேரின் நாடியை எண்ணினோம். காய் பறித்தவர்கள் ஐவரும் மூன்றாம் நிமிடத்தில் 90-க்குக் கீழே வந்துவிட்டார்கள். கிரேட் தூக்கியவர்கள் இருவருக்கு 104-லும் 108-லும் நின்றது. இன்று முதல் வரிசைக்குள் தள்ளிச் செல்ல ஒரு சிறு வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன், கிரேட்டும் பாதி அளவுதான் நிரப்புகிறோம். கழிப்பறைக்குக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். விழுந்த அக்காவிடம் நேரில் போய், நீங்கள் எல்லோரும் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மருத்துவரிடம் ஒரு சந்தேகம்: அந்த அக்கா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் நாடிக் கணக்கு பொருந்துமா?


மறுமொழி: தொழில்நல மருத்துவர்

பொருந்தாமல் போகலாம். இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, இதயத்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். நாடி 85 என்று காட்டும்போதே உடல் தாங்க முடியாத நிலையில் இருக்கக்கூடும். இன்னொரு வகை, சிறுநீராக நீரையும் உப்பையும் வெளியேற்றும்; வெப்பத்தில் அது இழப்பை இன்னும் கூட்டும். மாத்திரையை அவராக நிறுத்திவிடக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு, இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறேன் என்று தமக்கு மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறு மருந்து தர முடியும். அதுவரை நாடியை நம்பாமல், காலையில் வேலைக்கு முன்பும் முடிந்த பின்பும் எடை பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோ குறைந்திருந்தாலே அவர் போதிய நீர் குடிக்கவில்லை என்று பொருள். கோடை முடியும்வரை அவரை ஷெட் வேலையிலேயே வைத்திருங்கள், அதே கூலியில்.